எதிர்த்தீ

கோரைமேட்டில் தீ வைக்கிற நாளை வேம்புதான் சொல்ல வேண்டும். தை மாதக் கடைசியிலிருந்து தினமும் மேட்டுக்குப் போவாள். ஒரு பிடி விழல் புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்குவாள். நுனி பொடியாக நொறுங்க வேண்டும், அடித்தண்டில் ஈரம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் தீ மேலாக மேய்ந்துவிட்டுப் போகும், வேரைத் தின்னாது. பிறகு காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். காலைப் பனி காய்ந்த பிறகு, கடல் காற்று எழும்புவதற்கு முன்னால், இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

கோரைமேடு என்பது அரியாங்குப்பத்துக்கும் நோணாங்குப்பத்துக்கும் நடுவில், உப்பங்கழியை ஒட்டிக் கிடந்த நாற்பது ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு. அதன் மேற்கே ஒரு வண்டிப்பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது இருளர் வீடுகள். கழிச் சேற்றில் இறங்கிக் கையாலேயே எறாவும் நண்டும் பிடிக்கிறவர்கள். அறுப்புக் காலத்தில் வயல்களில் எலி பிடிக்கப் போகிறவர்கள். வேம்புவும் அவள் புருஷன் அம்மாவாசையும் பிடித்ததை அவள் கூடையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரிய மார்க்கெட்டில் விற்றுவிட்டு வருவாள்.

மேட்டை அவர்கள் ஐந்து துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வேலி கிடையாது, கல் கிடையாது. இந்தப் பனையிலிருந்து அந்தப் புற்று வரைக்கும் என்று வாய்வார்த்தையில் எல்லை. வருஷத்துக்கு இரண்டு துண்டுதான் எரியும், மற்றது இளைப்பாறும். எரிப்பதற்கு முன் பனைகளைச் சுற்றிக் கிடக்கிற காய்ந்த மட்டைகளை இழுத்துப் போடுவார்கள். கவுதாரி அடை காக்கிற புதரைச் சுற்றிப் புல்லை அறுத்து ஒதுக்குவார்கள். பாம்பும் முயலும் ஓடிப்போக ஒரு பக்கத்தைத் திறந்து விடுவார்கள். கன்னியம்மாவுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அந்தச் சுடரிலேயே வேம்பு முதல் பந்தத்தைப் பிடிப்பாள். மாசி மகத்துக்கு முன்னால் வேலை முடிந்துவிடும். பத்து நாளில் கரியின் மேல் பச்சை எட்டிப் பார்க்கும். சீமைக்கருவேலங் கன்று தலையெடுக்காது. சித்திரை வெயிலில் எவன் பீடித்துண்டை வீசினாலும் பற்றிக்கொள்ள அங்கே காய்ந்த புல் இருக்காது.

தீ வைக்க ஒரு ஆள் போதும். அதைச் சுற்றி நிற்கத்தான் ஆள் வேண்டும். வண்டிப்பாதை ஓரம் பச்சை வேப்பங்கொத்தோடும் ஈரச் சாக்கோடும் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையின் தென்கோடியில், இருளர்களோடு இருளராக, பலராமனும் நிற்பார்.

பலராமன் நோணாங்குப்பத்து விவசாயக் குடும்பம். பன்னிரண்டு மாடுகள் வைத்து டவுனுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். மேய்ச்சலுக்குக் கோரைமேடுதான். மாட்டுக் கொட்டகையும் இருளர் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதல் முறை அவர் வேப்பங்கொத்தோடு வந்து நின்றபோது வேம்பு பதறிப்போய், "ஆண்டே, நீங்க எதுக்கு?" என்றாள். "எம்மாடு தின்ற புல்லுக்கு நான் நிக்கக் கூடாதா? அப்புறம் இந்த ஆண்டேகீண்டேல்லாம் வேணாம். அண்ணேன்னு கூப்புடு," என்றார் அவர். தீ அடங்கிய பிறகு அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவள் மொண்டு கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். ஊர்க்காரர் ஒருவர் அந்த வீடுகளில் வாய் நனைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், ஒரு மாசி தவறாமல் அந்தத் தென்கோடி அவருடையதாக இருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷ மாசியில் வைத்ததுதான் கடைசித் தீ.

அந்த மார்கழியில் சுனாமி வந்தது. தண்ணீர் கோரைமேட்டின் பாதி வரை ஏறிவிட்டு இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பின்னால் ஜீப்புகள் வந்தன. கரையோரத்தைப் பச்சையாக்கப் போகிறோம் என்றார்கள். மேட்டின் நான்கு மூலையிலும் தகரப் பலகை நட்டார்கள். வேம்புவுக்குப் படிக்கத் தெரியாது. பலராமன்தான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படித்துச் சொன்னார்.

"இங்க நெருப்பு வெச்சா ஜெயிலாம்."

"யாருக்குண்ணே ஜெயிலு?"

"நமக்குத்தான். வேற யாரு வெக்கறா?"

அந்த 'நமக்கு' வேம்புவுக்குப் பிடித்திருந்தது. அடுத்த வாரம் அவர் அவளையும் அம்மாவாசையையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பலகை நட்டவர்களின் அலுவலகப் படி ஏறினார். கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். புகையால் காற்று கெடுகிறது, பறவைகள் சாகின்றன, படகில் வருகிற சுற்றுலாப் பயணிகள் பயப்படுகிறார்கள் என்றார்.

பலராமன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சார், இவங்க வெக்கலன்னா அது தானா எரியும். மாசியில நாங்க வெக்கற தீ எங்க பேச்சக் கேக்கும். சித்திரையில தானா புடிக்கற தீ யார் பேச்சயும் கேக்காது. எந்தக் கவுதாரி எங்க முட்ட வெச்சிருக்குதுன்னு இந்தப் பொம்பளைக்குத் தெரியும் சார். உங்க ஆபீசுல யாருக்காவது தெரியுமா?"

தனக்காக ஒருவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து குரலை உயர்த்திப் பேசி வேம்பு அதுவரை பார்த்ததில்லை.

அதிகாரி ஒன்றுதான் கேட்டார். "இந்த ஏற்பாடு எதுலயாவது எழுத்துல இருக்கா?"

இல்லை. எழுதி விடலாம் என்றார் பலராமன்.

மூன்று மத்தியானம் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். வேம்பு முன்னால் நடக்க, அவர் பின்னால் எழுதிக்கொண்டே நடந்தார். எந்த வருஷம் எந்தத் துண்டு, எந்த மூலையில் முதல் பந்தம், யார் பிடிப்பது, யார் எங்கே நிற்பது, எல்லாவற்றையும் கேட்டார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க அதில் என்ன இருக்கிறது? கடைசியில் பதினான்கு பேரின் பெயரை வரிசையாக எழுதி ஒவ்வொருவரிடமும் கைநாட்டு வாங்கினார்.

"பேரெல்லாம் எதுக்குண்ணே?" என்றாள் வேம்பு, மை ஒட்டிய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே.

"பேரு இருந்தாத்தான் உரிமைன்னு கேக்கலாம். ஏற்கெனவே நம்ம பாண்டிச்சேரி எஸ்.டி. லிஸ்ட்டுல உங்க சாதியே இல்லன்றான். இது ஒண்ணாவது உங்க பேர்ல இருக்கட்டும்."

"உங்க பேரு?"

"நான் எழுதறவன். எம்பேரு எதுக்கு?"

அப்போது அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை என்றுதான் வேம்பு இன்றைக்கும் நினைக்கிறாள். அப்படி நினைப்பதுதான் அவளுக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

நோட்டைப் பார்த்து எழுதிய மனு போனது, நோட்டு பலராமனிடமே இருந்தது. பதில் வரவில்லை. பதில் வருகிற வரைக்கும் பொறுத்துப் போவோம் என்று பலராமன் சொன்னதால் இரண்டு மாசிகள் தீ வைக்காமல் போயின. கோரைமேட்டில் புல் இடுப்புக்கு மேல் ஏறியது. போன வருஷத்துப் புல் செத்து அடியில் மெத்தையாகக் கிடக்க, இந்த வருஷத்துப் புல் அதன் மேல் முளைத்துக் காய்ந்தது. நடந்தால் காலடியில் அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. வேம்பு போகும்போதும் வரும்போதும் பலராமனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இது சரியில்லண்ணே. மேடு வவுறு நெறய நெருப்ப வெச்சிக்கினு படுத்திருக்குது."

இதற்கு நடுவில் பலராமனின் மகன் கமலக்கண்ணன் மேட்டின் கிழக்கு ஓரத்தில், கழியைப் பார்த்த மாதிரி, ஒரு கேண்டீனுக்குக் குத்தகை எடுத்தான். நான்கு ஓலைக் குடில், பிளாஸ்டிக் நாற்காலி, மீன் வறுவல், இளநீர். படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். குடில்களுக்குப் பின்னால், புல்லின் விளிம்பில், தட்டும் டம்ளரும் மட்டையும் குவிந்தன. மூன்று நாளைக்கு ஒரு தரம் அதைக் கொளுத்துவான். வேம்பு அவனிடமே போய்ச் சொன்னாள்.

"தம்பி, அங்க கொளுத்தாத. குழி வெட்டிப் பொதைச்சிடு."

"சரிக்கா, சரிக்கா," என்றான், கல்லாவிலிருந்து தலையை எடுக்காமல்.

பலராமனிடமும் சொன்னாள். "நான் கண்டிக்கறேன் வேம்பு," என்றார்.

இரண்டாயிரத்து ஆறு, கத்திரி வெயில் தொடங்கிய நாலாம் நாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய வேம்பு கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதலில் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. நிமிர்ந்தபோது கேண்டீனுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு புகை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெள்ளையாக மாறி அகலமாகப் படுத்தது. புல் பிடித்துவிட்டது. கடல் காற்று அதை அப்படியே மேற்கே தள்ளிக்கொண்டு வந்தது, வீடுகளைப் பார்த்து.

பலராமன் வெறும் உடம்போடு ஓடி வந்தார். "வேம்பு! கொட்டாயில மாடு கட்டியிருக்குது! கண்ணன் பாவி, குப்பையக் கொளுத்திட்டுச் சாப்புடப் போயிருக்கான்!" அவர் மனைவி நிர்மலாதேவி கொட்டகைக்குள் கயிறுகளைப் பதற்றத்தில் அவிழ்க்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். தீ பனை உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுந்தது.

"அண்ணே, எதிர் வெக்கணும்," என்றாள் வேம்பு.

எதிர் வைப்பது என்றால், வருகிற தீக்கு முன்னால் போய் அது தின்ன வேண்டியதை நாமே தின்னக் கொடுத்துவிடுவது. பெருந்தீ கிட்டே வரும்போது மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் பார்த்துப் பாதை ஓரத்தில் தீ வைத்தால், வைத்த தீ பெருந்தீயைப் பார்த்துத்தான் ஓடும். முந்தி வைத்தால் நம் மேலேயே திரும்பிவிடும். பிந்தினால் வைக்க ஆள் இருக்காது.

"வெய்யி! சீக்கிரம் வெய்யி!"

"பொறுங்கண்ணே."

வீட்டுக்காரர்கள் எல்லாரும் சாக்கோடும் கொத்தோடும் பாதையில் நின்றுவிட்டார்கள். வேம்பு முந்தானையின் நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதுவரை வீட்டுப் பக்கம் பறந்துகொண்டிருந்த துணி ஒரு கணம் தொங்கியது. பிறகு மெல்ல மேட்டுப் பக்கம் திரும்பியது. அவள் கையை நீட்டினாள். பலராமன் மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தார். அது கை நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து உரசினாள். வைக்கோல் பிரியைக் கொளுத்திக்கொண்டு பாதை நெடுக, கொட்டகைக்கு முன்னாலும் வீடுகளுக்கு முன்னாலும், குனிந்தபடியே ஓடினாள். அவள் வைத்த தீ ஒரு நொடி தயங்கிவிட்டு மேட்டுக்குள் பாய்ந்தது. பாதைப் பக்கம் சிதறின பொறிகளை மற்றவர்கள் அடித்து அடித்து அணைத்தார்கள். அம்மாவாசையின் வலக்கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. இரண்டு தீயும் நடு மேட்டில் மோதிக்கொண்டபோது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் எரிய ஒன்றும் இல்லாமல் இரண்டும் படுத்துவிட்டன.

பத்தொன்பது வீடுகளும் பிழைத்தன. பன்னிரண்டு மாடுகளும் பிழைத்தன. ஆனால் தீயின் வடக்குக் கை அவர்களுக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டு போய், வடக்கே தள்ளியிருந்த வேறு நான்கு குடிசைகளையும் டவுனில் செல்வாக்குள்ள ஒருவரின் சவுக்குத் தோப்பையும் சுட்டுவிட்டது.

பலராமன் பாதையிலேயே உட்கார்ந்து, முகமெல்லாம் கரியாக, வேம்புவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங் குடும்பத்தக் காப்பாத்திக் குடுத்துட்டம்மா," என்றார். நிர்மலாதேவி அழுதுகொண்டே அம்மாவாசையின் கைக்கு எண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

ஐந்து நாள் கழித்து, வேம்பு மார்க்கெட்டில் நண்டை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அம்மாவாசையின் தங்கை சின்னப்பாப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணி, போலீசு வந்து அண்ணன இழுத்துக்கினு போயிட்டாங்க. இன்னும் அஞ்சு பேர. வாசல்ல நின்னு பேரப் படிச்சிப் படிச்சிக் கூப்புட்டாங்க அண்ணி. நம்ம எல்லார் பேரும் அவங்ககிட்ட வரிசயா இருக்குது."

வேம்பு கூடையை அங்கேயே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். அம்மாவாசை கட்டுப் போட்ட கையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். மேசை மேல் அந்த நாற்பது பக்க நோட்டு இருந்தது. அட்டையில் அவள் வீட்டுக் குழம்புக் கறை.

"நீதான் வேம்புவா?" என்றார் ரைட்டர்.

"நாந்தாங்க. தீ வெச்சதும் நாந்தான். அது எதிர்த்தீ. அணைக்கறதுக்கு வெச்சது. இவங்கள வுட்டுடுங்க. நோணாங்குப்பத்துப் பலராமன் அண்ணன் பக்கத்துலயே நின்னாரு, அவரக் கேளுங்க."

ரைட்டர் சிரித்தார். "கேட்டாச்சும்மா." ஒரு தாளை எடுத்து வாசித்தார். 'அன்று மாலை மூன்றரை மணியளவில் வேம்பு என்ற இருளப் பெண் வண்டிப்பாதை ஓரம் தீக்குச்சி உரசிப் புல்லுக்குத் தீ வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மேற்படி ஆட்கள் வருடாவருடம் இவ்விடத்தில் தீ வைக்கும் வழக்கம் உள்ளவர்கள். அவர்கள் பெயரும் கைரேகையும் அடங்கிய நோட்டை இத்துடன் ஒப்படைத்துள்ளேன்.'

"இது அவரு சொன்னதா இருக்காது. நீங்களா எழுதிக்கினது," என்றாள் வேம்பு.

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் மூன்று மத்தியானம் பக்கத்தில் நின்று பார்த்த எழுத்து. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் வலப்பக்கம் சரிந்து இறங்குகிற எழுத்து. நோட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சொன்ன 'நாந்தான் வெச்சேன்' என்பதையும் அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்தாள். அந்த இருபத்திரண்டு நாளும் பலராமனுக்காக அவள் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தாள். அடித்து எழுத வைத்திருப்பார்கள். பயமுறுத்தியிருப்பார்கள். அந்தத் தாளின் இன்னொரு பக்கத்தில் மீதி உண்மையையும் எழுதியிருப்பார், அதை இவர்கள் வாசிக்காமல் விட்டிருப்பார்கள்.

வெளியே சின்னப்பாப்பா சும்மா இருக்கவில்லை. கோர்ட் எதிரில் மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்திருந்த தேவதாஸிடம் போனாள். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து ஆபீஸ்களில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற கிழவர் அவர். வருகிற பெண்களையெல்லாம் மதாம் என்றுதான் கூப்பிடுவார். "உக்காருங்க மதாம். மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்று சேற்றுக்காலோடு நின்ற சின்னப்பாப்பாவுக்கு முக்காலியை நகர்த்திப் போட்டார். அவர்தான் இளஞ்செழியன் என்ற வக்கீலிடம் அனுப்பி வைத்தார். ஏழு பேருக்கும் ஜாமீன் கிடைத்தது.

வெளியே வந்த மறுநாள் சாயங்காலம், பால் கறக்கிற நேரம் பார்த்து, வேம்பு கொட்டகைக்குப் போனாள். பலராமன் மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"போலீசு அடிச்சாங்களாண்ணே?"

"இல்ல."

"மெரட்டனாங்களா?"

"யாரும் ஒண்ணும் பண்ணல வேம்பு." பால் சொம்பில் விழுந்துகொண்டே இருந்தது. "நான் பொய் எழுதல. நீ தீ வெச்ச. நான் பாத்தேன். அதத்தான் எழுதினேன்."

"எதுக்கு வெச்சேன்னு எழுதுனீங்களா?"

"அத அவங்க கேக்கல."

"பொக எங்கேர்ந்து வந்துதுன்னு கேட்டாங்களா?"

கறக்கிற சத்தம் நின்றது. அவர் நெற்றியை மாட்டின் மேலிருந்து எடுக்கவில்லை. "தோப்புக்காரன் சும்மா வுடமாட்டான். யாரையாவது ஒருத்தரக் குடுக்கணும். கண்ணனுக்கு இப்பதான் ஒரு தொழில் அமைஞ்சிருக்குது. பொண்ணு பாத்திருக்குது. எம் புள்ளைக்கு இருக்கறது ஒரு வாழ்க்க வேம்பு."

"எங்க ஆளுங்களுக்கு ரெண்டு இருக்குதா?"

அவர் மறுபடி கறக்கத் தொடங்கினார்.

"நோட்ட எதுக்குண்ணே குடுத்தீங்க? எம்மேல சொன்னீங்க, சரி. அந்த நோட்டுல மத்தவங்க பேரெல்லாம் இருக்குதே. எங்க உரிமைக்குன்னு சொல்லி வாங்குனீங்களே."

"உங்களுக்குப் பழகிப்போச்சும்மா," என்றார் பலராமன், மிகவும் மெல்லிய குரலில். "ஸ்டேஷனு, கேசு. நீங்க எப்பிடியாவது தாங்கிப்பீங்க. எம் புள்ள தாங்கமாட்டான்."

வேம்பு திரும்பி நடந்தாள். ஸ்டேஷனில் தாளைப் பார்த்தபோது வராத அழுகை வண்டிப்பாதையில் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவர் தங்களைப் பார்த்தது இப்படித்தானா? எவ்வளவு அடித்தாலும் வலிக்காத தோல் என்றா?

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. அதற்குள் தீ அபாயம் என்று காரணம் சொல்லிப் பத்தொன்பது வீடுகளையும் காலி செய்ய வைத்தார்கள். மேற்கே, வில்லியனூரும் தாண்டி, ஒரு ஏரிக்கரைக்குக் கீழே களிமண் மேட்டில் இடம் காட்டினார்கள். கோரைமேட்டைச் சுற்றிக் கம்பி வேலி ஏறியது. கமலக்கண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. கேண்டீன் எட்டுக் குடிலானது.

பலராமன் சாட்சி சொன்ன நாளன்று வேம்பு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சத்தியம் பண்ணிவிட்டு, நீதிபதிக்கு முன்னால் நின்று, இத்தனை ஜனம் பார்க்கும்போது எப்படியும் ஒரு வார்த்தையாவது மாற்றிச் சொல்லிவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதை அம்மாவாசையிடம்கூடச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

"தீக்குச்சி உரசியதைப் பார்த்தேன் என்கிறீர்கள்," என்றார் இளஞ்செழியன். "அந்தத் தீப்பெட்டி யாருடையது?"

பலராமன் வேம்புவைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டார்.

"ஞாபகம் இல்லைங்க."

அவளுக்கு உள்ளே எஞ்சியிருந்ததும் அந்த இரண்டு வார்த்தையில் போய்விட்டது. முதல் தீயை வைத்தது யார் என்று பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை என்று சொல்லி நீதிபதி எல்லாரையும் விடுதலை செய்தபோது, சின்னப்பாப்பா கட்டிப்பிடித்து அழுதாள். தேவதாஸ் கிழவர் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தார். வேம்பு எல்லாருக்கும் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் காதில் ஒலித்தது தீர்ப்பு இல்லை, 'ஞாபகம் இல்லைங்க' என்ற அந்தக் குரல்தான்.

அடுத்த வருஷம் தை மாதம். களிமண் மேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் இன்னும் பெரிய மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். நண்டு இப்போது அவள் பிடித்ததில்லை, கரையில் வாங்கி விற்பது. ஒருநாள் பத்து மணி வாக்கில் எதிரில் ஒரு பெண் வந்து நின்றாள். எதையும் விலை கேட்காமல் நின்றாள். நிர்மலாதேவி.

"நல்லா இருக்கியா வேம்பு?"

"இருக்கறேன்க்கா."

நிர்மலாதேவி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "மேட்டுல புல்லு நெஞ்சு ஒசரம் நிக்குதும்மா. வேலி போட்டதோட சரி, உள்ள ஒருத்தன் எறங்கறதில்ல. கொட்டாய் பக்கத்துல வந்து ஒரசுது. அவரு சித்திர வருதே சித்திர வருதேன்னு பொலம்பறாரு. ஒன்னக் கேக்க அவருக்கு வாய் வராது. நான் கேக்கறேன். வந்து ஒரே ஒரு துண்டு, கொட்டாய்க்கு முன்னால மட்டும், கொளுத்திக் குடுத்துட்டுப் போயேன். ஆபீசுல நாங்க பேசிக்கறோம்."

வேம்பு நண்டின் கால்களைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. களைப்புதான் வந்தது.

"அக்கா, தீ வெக்கறது ஒருத்தி வேலயில்ல. நான் குனிஞ்சி வெச்சிக்கினே போவேன். முதுகுக்குப் பின்னால யாரு நிக்கறாங்கன்னு திரும்பிப் பாக்க முடியாது. அங்க நிக்கறவங்கள நம்பித்தான் குனியணும். அங்க இப்ப யார நம்பிக் குனியறது?"

"அவரு நிப்பாரும்மா."

வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். நிர்மலாதேவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மாடுங்க என்னா பண்ணுச்சு, அதுங்க சாவ வேணாம்," என்றாள் வேம்பு. "கொட்டாய்லேர்ந்து இருவது அடி தள்ளி, பாதைக்கும் வேலிக்கும் நடுவுல, வேரோட செதுக்கச் சொல்லுங்க. அறுத்தா பத்தாது, செதுக்கணும். செதுக்கனத அங்கயே குமிக்கக் கூடாது. பங்குனிக்குள்ள முடிச்சிடணும். மத்தியானத்துல மாட்டக் கட்டி வெக்காதீங்க."

"நீ வரமாட்டியா?"

"வரமாட்டேன்க்கா."

நிர்மலாதேவி பூக்கடைப் பக்கம் திரும்பிக் கூட்டத்தில் மறைந்தாள். ஆள் வைத்து எட்டு நாள் செதுக்கினார்கள் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. களிமண் மேட்டுக்கு மேலே இருந்த ஏரியின் பாசன விவசாயி நாராயணசாமி என்பவர் ஒருநாள் காலை அவர்கள் வீட்டுப் பக்கம் வந்தார். கரை நெடுக விழல் மண்டிக் கிடக்கிறது, எலி வளை வைத்துக் கரையைத் துளைக்கிறது, உங்கள் ஆட்கள் பழைய இடத்தில் முறையாகத் தீ வைத்துப் பார்த்துக்கொண்டீர்களாமே, இங்கேயும் செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். எங்க ஊர் ஆளுங்க இருபது பேரு கூட நிப்போம் என்றார். சின்னப்பாப்பா கொடுத்த தண்ணீரைத் தயங்காமல் வாங்கிக் குடித்தார்.

வேம்பு கரைக்கு ஏறிப் போய் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் கசக்கிப் பார்த்தாள். சரியான பதம். காற்றும் நன்றாக இருந்தது.

"யோசிச்சிச் சொல்றேங்க," என்றாள்.

அவர் போன பிறகு அம்மாவாசை தழும்பேறிய கையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான். "நல்ல ஆளாத்தான் தெரியுறாரு," என்றான்.

"அவரும் அப்பிடித்தான் தெரிஞ்சாரு."

மாசி மகம் வந்தது, போனது. நாராயணசாமி இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார். வேம்பு இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஏரிக்கரையில் விழல் காய்ந்து, அடித்தண்டும் வெளுத்து, வெயில் ஏற ஏறச் சரசரத்துக்கொண்டு நின்றது.